முப்பது வீட்டு அரிசி

உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியே வைத்துவிட வேண்டும். எங்கள் சபையில் எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் சொல்லித் தருவது கிடையாது, பார்த்தே வந்துவிடும். அடுப்படியில் இதற்கென்று ஒரு டப்பா இருக்கும். பழைய பால்பவுடர் டப்பா, மூடி தொலைந்த எவர்சில்வர் தூக்கு, ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் பெட்டி, ஏதோ ஒன்று. அது நிறைந்ததும் சபைக்குப் போகும். பிடி அரிசி என்று பெயர். ஏழைகளுக்கு.

அந்த டப்பாக்களை வீடு வீடாகப் போய் வாங்கி வருகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன், பிரசங்கத்தின் நடுவில் இரண்டு முறையாவது தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். இவளைச் சும்மா விட்டால் ஊரைச் சுற்றுவாள், சுற்றுவதைச் சபைக்காகச் சுற்றட்டும் என்று நினைத்திருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்தால் முப்பது வீடு. மேற்கே மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். ஆடி மாதமென்றால் கணவாய் வழியே வருகிற காற்று வண்டியோடு சேர்த்து ஆளையும் தள்ளும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காலை ஊன்றி நிற்பேன், டப்பா வரும், சாக்கில் கொட்டுவேன், அடுத்த தெரு. கடைசியில் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போய், நீல டிரம்மில் எல்லாவற்றையும் சாய்ப்பேன். அரிசி விழும் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தூரத்தில் மழை வருகிற மாதிரி இருக்கும். ஒரு வாரத்தின் நல்ல காரியம் முடிந்தது என்று அந்தச் சத்தம் எனக்குச் சொல்லும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பிடி, எங்கள் உலையிலிருந்து எடுத்தது கிடையாது. நாங்கள் சாப்பிடுவது பழைய பொன்னி. டப்பாவில் விழுவது ரேஷன் அரிசி. வேண்டுமென்று செய்ததில்லை, அந்தச் சாக்கு பக்கத்தில் இருந்தது, கை அங்கே போனது, போய்ப் பழகிவிட்டது. பொங்கல் முடிந்து மிஞ்சிய பச்சரிசியும் வண்டு பிடிக்கத் தொடங்கிய இட்லி அரிசியும் அதே டப்பாவுக்குத்தான் போகும். மற்ற இருபத்தொன்பது வீட்டிலும் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவர்களும் என்னைக் கேட்டதில்லை.

சபைப் பெண்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம். கட்டில் கட்டிலாக நின்று ஜெபம் செய்வது, பன்னும் பழமும் கொடுப்பது, வெளியூர்க்காரர்களாக இருந்தால் ஒரு மஞ்சள் பையில் பிடி அரிசி. வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் கோம்பை ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“யக்கா, இன்னைக்கும் பன்னும் ஜெபமுந்தானா? ஒரு நாளைக்காச்சும் பிரியாணியும் ஜெபமும்னு வாங்களேன். நானும் கூட நின்னு கண்ண மூடுறேன்.”

“ஒனக்குக் கண்ண மூடுனா தூக்கமில்லப்பா வரும்.”

“எல்லையில நின்ன கண்ணுக்கா இது. மூடச் சொன்னாலும் பாதிதான் மூடும்.”

அன்றைக்கு எலும்பு வார்டு வராந்தாவில் ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உள்ளே கட்டிலில் அவள் புருஷன், தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. வடக்கே எங்கோ இருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று நர்ஸ் சொன்னார். எங்களுக்கு மலையாளம் கொஞ்சம் வரும், அவளுக்கு அது வரவில்லை. அவளுக்கு வந்தது எங்களுக்கு வரவில்லை. சிரித்தோம். நான் மஞ்சள் பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். நான் அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி உரக்க ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் என் முந்தானையின் நுனி அவள் கையில் இருந்தது. மறுபடியும் அதையே கேட்டாள்.

பட்டாளத்துக்காரரைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். அவர் இந்தியில் பேசினார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“யக்கா, கோவிச்சுக்கிறாதீக. ‘அரிசி குடுத்தீக, சந்தோசம். எங்கன வச்சுப் பொங்குறது’ன்னு கேக்குது.”

வராந்தா முழுக்கப் பாய்களும் டிபன் கேரியர்களும் இருந்தன. எல்லாருக்கும் ஊரிலிருந்து யாராவது சோறு கொண்டுவந்திருந்தார்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு, கூட இருப்பவர்களுக்கு அது கிடையாது. அவள் புருஷனுக்கு வருவதில் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பில்லாத ஒருத்தியின் மடியில் ஐந்து கிலோ அரிசியை வைத்துவிட்டு ஆமென் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டுக் கேட்டுச் சொன்னது இதுதான். ஈரச் சரிவில் மூட்டையோடு வழுக்கி விழுந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் எலும்பு கோணிச் சேரும், பிறகு ஆயுளுக்கும் நொண்டல்தான், சுமை தூக்குகிற வேலை அதோடு போயிற்று என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். தோட்டத்து ஷெட்டுக்குப் போனால் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றம், ஈர மண், அந்தப் பக்கம் ஒரு கழிப்பறைக்குப் போவதென்றாலும் சரிவில் இறங்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு சமதரை வேண்டும் அவர்களுக்கு. அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி முன்னால் போய் நின்றேன். பின்னால் இருக்கும் அறையைக் கொடுங்கள் என்று கேட்டேன். செயலாளர் தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், நகைச்சுவைக்காரர்.

“அரிசி தாராளமாக் குடுங்க. ரெண்டு சாக்காக் கூடக் குடுங்க. ரூம மட்டும் கேக்காதீக.”

“ஏன் சார்?”

“அதுல டிரம் இருக்கு, சேர் இருக்கு, கிறிஸ்துமஸ் ஸ்டாரு இருக்கு. ஸ்டார எங்கன வைக்கிறது, என் தலையிலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று வந்தது. “தொழுவத்துல பொறந்தவருக்கு ஸ்டாரு வெளியிலதான் சார் நின்னுச்சு. உள்ள ஆளுகதான் இருந்தாக.”

சிரிப்பு நின்றது. போதகர் கீழே பார்த்துக்கொண்டார். நல்ல பதில் சொல்லிவிட்ட சுகம் எனக்கு உள்ளங்கால் வரை இறங்கியது. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவேயில்லை.

“நல்லாப் பேசுறீக டீச்சர். ஒங்க வீட்டுப் பின்கட்டு காலியாத்தான கெடக்கு? வாடகைக்குன்னு போர்டு தொங்குதே. நேத்துக்கூடப் பாத்தேன்.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும் குளியலறையுமாக ஒரு சின்ன போர்ஷன் இருக்கிறது. குடியிருந்தவர்கள் சித்திரையில் காலி செய்துவிட்டுப் போனார்கள். வழுக்காத சிமென்ட் தரை. ஒரு படி கூடக் கிடையாது. வராந்தாவில் அவளைப் பார்த்த நேரத்திலிருந்து கமிட்டி முன்னால் நின்ற நேரம் வரை, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறை எனக்கு ஞாபகமே வரவில்லை. சபையின் அறை ஞாபகம் வந்தது. கான்வென்ட் ஞாபகம் வந்தது. அரசாங்கம் கூட ஞாபகம் வந்தது.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். “யாரு என்னன்னு தெரியாம எப்பிடிம்மா?”

“தெரிஞ்சவுகளுக்கு வீடு வாடகைக்குக் குடுத்தீகளே, போகும்போது பைப்பக் கழட்டிட்டுப் போனாகளே, மறந்துட்டீகளா?”

“ஆறு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது” என்று எழுந்து போய்ப் போர்டைக் கழற்றினார். கழற்றியதைத் தூர வைக்கவில்லை, கதவுக்குப் பின்னால் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை பட்டாளத்துக்காரரின் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பழைய ஒற்றை அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு பாய், ஒரு கட்டில். டிரம்மிலிருந்து அள்ளிய அரை மூட்டை அரிசியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அன்றைக்கு ஜெபத்தில் எனக்கு நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்தேன். முற்றத்து வெயிலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல் பொறுக்குகிறாள், சுத்தமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கிக்கொண்டே அவள் முதுகில் ஏறி இறங்கியது. வடநாட்டில் இப்படித்தான் போல என்று உள்ளே போய்விட்டேன். எதையும் கேட்கிற பாஷை எனக்கு இல்லை என்பது, கேட்காமல் இருக்க வசதியாகவும் இருந்தது.

ஒரு வாரம் ஆகவில்லை. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், மூவரும் கேட்டருகே நிற்கிறார்கள். மூட்டை கட்டியாயிற்று. அவன் சுவரில் சாய்ந்து, மாவுக்கட்டுக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் கைகூப்பினாள். மேலே கை காட்டினாள். மலைக்கு.

பதறிப்போய்ப் போன் போட்டேன். ஆட்டோ பத்து நிமிஷத்தில் வந்தது. பட்டாளத்துக்காரர் பல் கூட விளக்காமல் வந்திருந்தார்.

“என்னன்னு கேளு தம்பி. நான் என்ன கொற வச்சேன்னு கேளு.”

கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவன் அவளிடம் அதட்டலாக ஏதோ சொன்னான். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பட்டாளத்துக்காரர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

“மேல இருந்து சூப்பர்வைசர் போன் பண்ணாராம். உக்காந்து ஏலக்காய் பெறக்குற வேலை தர்றேன், வாங்கன்னாராம். ஜீப்பு பஸ் ஸ்டாண்டுல நிக்குதாம்.”

“அங்கன ஏறுனா காலு என்னத்துக்கு ஆகும்? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“தெரியும்னுதான் சொல்றான்.”

“அப்புறம் ஏன் போறாக?”

“விடுங்கக்கா.”

“சொல்லுப்பா.”

“அரிசி.”

“அரிசிக்கு என்ன?”

“வேக மாட்டேங்குதாம். பாதி கொழஞ்சு போகுது, பாதி வேகாம நிக்குதாம். புள்ளைக்கு நாலு நாளா வயித்தால போகுது. அங்கன போனா அவுக பழகுன அரிசி இருக்காம். ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சாம்.”

எனக்கு முகம் சுட்டது. “சும்மா குடுக்குற அரிசியிலயும் கொறையான்னு கேளு.”

அவர் என்னையே பார்த்தார். “அத நான் கேக்க மாட்டேன்க்கா. எனக்கு அவ்வளவு இந்தி வராது.”

பின்கட்டுக்குள் விறுவிறுவென்று போனேன். கோபத்தில்தான் போனேன், சோறு எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம் என்று. அறை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அரிசி மூட்டை வாய் கட்டப்பட்டுச் சுவரோரம் இருந்தது, அதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரத்தில் நேற்றைய சோறு கொஞ்சம் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் சுளகில் இரண்டு குவியல். ஒன்று சுண்ணாம்பு வெள்ளையாக, இன்னொன்று கண்ணாடி மாதிரி லேசான மஞ்சளாக. அப்போதுதான் புரிந்தது. அவள் பொறுக்கியது கல் இல்லை. பச்சரிசி வேறு, புழுங்கல் வேறு என்று மணி மணியாகப் பிரித்திருக்கிறாள். பச்சரிசி ஒரு கொதியில் வெந்துவிடும், புழுங்கல் அதற்குப் பிறகும் நிற்கும், ரேஷன் அரிசி ஒரு கணக்கு, இட்லி அரிசி ஒரு கணக்கு. முப்பது வீட்டு உலையும் ஒரே பானையில். நாள் முழுக்கப் பிரித்தாலும் ஒரு வேளைக்குத்தான் தேறியிருக்கும், மூன்று பேருக்கு அது காணாது, மீதிக்குப் பிரிக்காததையே பொங்கியிருப்பாள்.

ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். நாக்கில் பசை மாதிரி ஒட்டியது, பல்லுக்கடியில் நறுக்கென்றது. மக்கிய வாடை. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த வாடை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ரேஷன் சாக்கின் வாடை.

இராப்போஜனத்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லாரும் சாப்பிடுகிறோம். போதகர், செயலாளர், நான், பெருக்குகிற அம்மா, எல்லாரும் அதே அப்பம், முழங்காலில் நின்று. ஆனால் எத்தனை வருஷமாக அந்த நீல டிரம்மை நிரப்பியிருக்கிறேன், அதிலிருந்து ஒரு வாய் எங்களில் யாரும் தின்று பார்த்ததில்லை. தின்றிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். கர்த்தருடைய பந்தியில் எல்லாருக்கும் ஒரே அப்பம், அவருடைய ஏழைகளுக்கு மட்டும் எங்கள் வீட்டில் மிஞ்சியது. அந்தச் சின்ன அடுப்படியில் நின்றுகொண்டு மென்று மென்று அதை விழுங்கினேன். நான் செய்த ஜெபங்களில் அதுதான் நிஜம் என்று இப்போது தோன்றுகிறது. வாயில் சோறு இருந்ததால் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வெளியே வந்தேன். “தப்பு எங்க மேலதான்னு சொல்லு தம்பி. மன்னிச்சுக்கச் சொல்லு.”

“மன்னிப்ப வச்சுப் புள்ள என்னக்கா செய்யும்? அரிசியக் கொண்டாங்க.”

உள்ளே ஓடிப் போய் எங்கள் பொன்னி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டு மணியை எடுத்துப் பல்லில் கடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சந்தையில் தானே காசு கொடுத்து வாங்குகிறவள் மாதிரி இன்னும் கொஞ்சத்தைக் கிளறி அடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எனக்கு அது நன்றாக இருந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் வழுக்கி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு. ஜீப் கிளம்புகிற நேரம் போய்விட்டது. பின்கட்டில் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து மாற்றிக்கொண்டோம். அவர்களுக்கு எங்கள் அரிசி. டிரம் அரிசி எங்களுக்கு. முதல் நாள் ராத்திரி என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார்.

“என்னம்மா இது, பாதி கூழு, பாதி கல்லு?”

“அவுக ஆறு நாளு தின்னாக. நீங்க ரெண்டு நாளு தின்னுட்டுச் சொல்லுங்க.”

தின்றார். மூன்றாம் நாள் அவரே இன்னொரு சுளகு வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவளும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பிரிப்போம். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் தப்பான குவியலில் போட்டால் புறங்கையில் பட்டென்று அடிப்பாள். குழந்தை தெளிந்துவிட்டது, இரண்டு குவியலையும் கலைக்க வரும், அதற்கும் ஓர் அடி. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள். சாமி பாட்டா, தாலாட்டா, வயல் பாட்டா தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரர் ஒரு நாள் தானாகச் சொல்ல வந்தார், வேண்டாம் என்றேன்.

அடுத்த இராப்போஜன ஞாயிறன்று டிரம் அரிசியைப் பொங்கி ஒரு தூக்கில் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். செயலாளர் வெகுநேரம் மென்றார்.

“கல்லு கெடக்குதே டீச்சர்.”

“கல்லு இல்ல சார். அரிசிதான்.”

அவர் மறுபடியும் மென்றார். கையிலிருந்த மீதியைப் பார்த்தார். “இந்தப் பச்சரிசி எங்க வீட்டுது” என்றார். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் நான் வாசலில் கால் ஊன்றி நிற்பதில்லை, இறங்கி அடுப்படி வரை போகிறேன். இன்றைக்கு உங்கள் வீட்டில் எந்த அரிசி உலைக்குப் போனதோ அதில் ஒரு பிடி என்கிறேன். பச்சரிசிக்கு ஒரு சாக்கு, புழுங்கலுக்கு ஒரு சாக்கு. சில வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

ஆறு வாரம் முடிந்த அன்று ஆட்டோவில் எல்லாருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாவுக்கட்டைச் சின்ன மிஷின் வைத்து அறுத்தார்கள். உள்ளே இருந்த கால் குழந்தைக் காலைப் போல மெலிந்து, தோல் உரிந்து, வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், நேராகச் சேர்ந்திருக்கிறது, மெதுவாக ஊன்றச் சொல்லுங்கள் என்றார். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி இருந்தான். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண். நெற்றியில் வேர்வை. ஊன்றவில்லை.

“ஏலே, ஊனுடா!” என்று பட்டாளத்துக்காரர் இந்தியை மறந்து கத்தினார்.

நான் தாங்கிப் பிடிக்கலாம் என்று இரண்டடி முன்னால் போனேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம். நான் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவன் ஊன்றினான். எழுந்தான். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமாக நடக்கத் தொடங்கினாள், திரும்பிப் பார்க்காமல், ரொம்ப மெதுவாக, பின்னால் ஒருவன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தவளின் நடையில்.